ஒப்பாரிக் கோச்சியும் ஜெருசலேம் ரயிலும்

(மாத்தளையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

1897இல் ஜெருசலேம் ரயில் நிலையத்தில் ஒரு படம் எடுத்தார்கள். லூமியேர் சகோதரர்களின் ஒளிப்பதிவாளர் அலெக்ஸாந்தர் ப்ரோமியோ, புறப்படத் தயாராக நின்ற ரயிலின் பின்பக்கத்தில் கேமராவை நிறுத்தினார். ரயில் நகர்கிறது. மேடையில் நிற்கிற மனிதர்கள், துருக்கித் தொப்பியும் தலைப்பாகையும் ஐரோப்பியத் தொப்பியுமாக, மெல்லப் பின்னுக்குப் போகிறார்கள். சிலர் கையசைக்கிறார்கள். ஒரு நிமிடம்கூட ஓடாத துண்டுப் படம். சரியாக 51 வருடம் கழித்து, 1948இல், ஏழு லட்சத்துக்கும் அதிகமான பலஸ்தீனர் ஊரையும் வீட்டையும் விட்டு விரட்டப்பட்டார்கள். 400க்கும் மேற்பட்ட கிராமங்கள் ஆளில்லாமல் போயின. அதற்குப் பிறகு அந்தத் துண்டைப் பார்க்கிற யாருக்கும் அது வெறும் ரயில் படமாகத் தெரிவதில்லை. கையசைத்தவர்கள் யார், அவர்களுடைய பிள்ளைகள் எந்த முகாமில் போய் நின்றார்கள் என்றுதான் மனம் கேட்கிறது.

இந்த மண்டபத்திலிருந்து எழுந்து நடந்தால் மாத்தளை ரயில் நிலையம் வந்துவிடும். 1880இல் கண்டியிலிருந்து போட்ட பாதை இங்கேயே முடிகிறது. இதற்கு அப்பால் தண்டவாளம் கிடையாது. ஆகவே இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போக வேண்டியவர் வடக்கே போவதற்காக முதலில் தெற்கே கண்டிக்கு இறங்கி, பொல்காவலை, மாகோ, அனுராதபுரம், மதவாச்சி என்று ஒரு பெரிய வளையம் சுற்ற வேண்டும். மலைநாட்டுத் தோட்டங்களில் வேலை செய்த மலையகத் தமிழருடைய பாட்டன் பூட்டன்மாருக்கு அந்தச் சுற்று இருக்கவில்லை. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் தம்புள்ளை, நாலந்தை வழியாக நேரே மாத்தளைக்கு நடந்தார்கள். கொலராவுக்கும் பசிக்கும் உற்றாரைப் பாதையோரம் கொடுத்துவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒழுங்காகக் கணக்கு வைத்தவர் இல்லை. நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு ரயிலேறிப் போனார்கள். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலுக்குச் சனங்கள் வைத்த பேர் ஒப்பாரிக் கோச்சி.

அந்தக் கோச்சியின் பின்பெட்டியில் எந்த ப்ரோமியோவும் ஏறவில்லை. பலஸ்தீன அகதிகளைப் பற்றிய படங்களை மாத்தளையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு முதலில் உறுத்துவது இதுதான்.

இரண்டு கதைகளுக்கும் ஆண்டு ஒன்றுதான். பலஸ்தீனர் 'நக்பா', அதாவது பேரழிவு, என்று நினைவுகூரும் நாள் மே 15. இலங்கையில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு நவம்பர் 15. இங்கே துப்பாக்கி வெடிக்கவில்லை. தகப்பன் இந்த மண்ணில் பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்கு, அத்தாட்சி கொண்டுவா என்று சட்டம் கேட்டது. லயத்துக் காம்பராவில் பிறந்த பிள்ளைக்கு அன்றைக்கு எவர் போய்ப் பிறப்புப் பதிந்தார்? பேர் கிடந்ததெல்லாம் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது கூலிப் பதிவேட்டில். ஏழு லட்சம் பேர் அளவில் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள்.

பிறகு 1964 ஒக்டோபர் 30. டெல்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவு. அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆட்டுப்பட்டி பிரிக்கிறவன்கூடக் குட்டியைத் தாயோடு விடுவான். இங்கே அண்ணன் இந்தியாவுக்கு, தங்கச்சி இலங்கைக்கு என்று ஒரே லயத்துக்குள் கோடு விழுந்தது.

இந்த இடத்தில் பலஸ்தீனக் கதையும் மலையகக் கதையும் ஒரு சொல்லில் முட்டிக்கொள்கின்றன. அந்தச் சொல் 'திரும்புதல்'.

பலஸ்தீனருக்கு அது மறுக்கப்பட்ட உரிமை. 1948 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையின் 194ஆம் தீர்மானம் அந்த உரிமையை எழுதி வைத்தது. எழுத்து எழுத்தாகவே கிடக்கிறது. பாட்டிமார் வீட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முகாமில் காத்திருந்தார்கள். இன்றைக்கு ஐ.நா. நிவாரண நிறுவனத்தில் பதிந்திருக்கும் பலஸ்தீன அகதிகள் 59 லட்சம் அளவில். மாத்தளையிலிருந்து போனவர்களுக்கோ 'திரும்புதல்' என்பதே தண்டனை. எல்கடுவையிலோ இரத்தோட்டையிலோ பிறந்து, இராமேஸ்வரத்தைக் கண்ணால் காணாத ஒருவருக்கு அரசாங்கம் கொடுத்த பட்டம் 'தாயகம் திரும்பியோர்'. ஊரைவிட்டுத் துரத்துவதற்கு ஊருக்குத் திரும்புவது என்று பேர் வைத்துவிட்டால், அதை அகதிக் கதை என்று அடையாளம் காணக் கேமராவுக்கு எப்படித் தோன்றும்? பஞ்சமும் போரும் படமாகின்றன. ஒப்பந்தம் படமாவதில்லை. பாஸ்போட்டும் சேமலாப நிதிப் பணமும் கையில் கொடுத்து, டிக்கெட்டும் கொடுத்து அனுப்பினால் அது பயணம் போலத்தானே தெரியும்.

பலஸ்தீனச் சினிமா தன் 'திரும்புதலை' எப்படியெல்லாம் காட்டியிருக்கிறது என்று பார்த்தால் நமக்கு இல்லாதது என்ன என்பது தெளிவாகும். ஆன்மேரி ஜாஸிர் 2012இல் எடுத்த 'வென் ஐ சோ யூ' படத்தில் 1967இன் ஜோர்தான் முகாம் ஒன்று. பதினொரு வயதுப் பையன் தாரிக்குக் கணக்கு நன்றாக வரும், அரசியல் வராது. வந்த வழி இருக்கிறது, கால் இருக்கிறது, பிறகு ஏன் நடந்து போகக்கூடாது என்பது அவன் கேள்வி. ஒருநாள் நடக்கத் தொடங்கிவிடுகிறான். பெரியவர்களின் பேச்சு எல்லாவற்றையும் அந்தப் பையனின் நடை வெட்டிப் போட்டுவிடுகிறது. ஈராக்கைச் சேர்ந்த காஸிம் ஹவல் 1982இல் கஸ்ஸான் கனஃபானியின் 'ஹைஃபாவுக்குத் திரும்புதல்' குறுநாவலைப் படமாக்கியபோது, 1948 வெளியேற்றக் காட்சியில் நடித்தவர்கள் வட லெபனான் முகாம்களின் அகதிகள். சின்ன வயதில் ஓடியதை முதுமையில் கேமராவுக்கு முன்னால் இன்னொரு தடவை ஓடினார்கள். அதை நடிப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆனால் மாத்தளைக்காரர் ஒரே ஒரு பலஸ்தீனப் படம்தான் பார்க்க முடியும் என்றால், அது எகிப்தியரான தௌஃபீக் ஸாலிஹ் சிரியாவில் எடுத்த 'ஏமாந்தவர்கள்' (1972) ஆக இருக்கட்டும். இதுவும் கனஃபானியின் கதை. 'சூரியனில் மனிதர்கள்' என்ற 1963ஆம் ஆண்டுக் குறுநாவல். மூன்று தலைமுறையைச் சேர்ந்த மூன்று பலஸ்தீனர் வேலை தேடிக் குவைத்துக்குள் களவாக நுழையப் பார்க்கிறார்கள். தண்ணீர் பவுசர் ஓட்டும் சாரதி ஒருவன் ஒத்துக்கொள்கிறான். சோதனைச் சாவடி வரும்போது மூவரும் வெற்றுத் தாங்கிக்குள் இறங்க வேண்டும், சில நிமிடம் பொறுத்தால் போதும் என்பது ஏற்பாடு. முதல் சாவடி தப்பிவிடுகிறது. உடுப்பைக் கழற்றி, வியர்வை வழிய, மீன் போல வாயைத் திறந்துகொண்டு வெளியே வந்து விழுகிறார்கள். இரண்டாவது சாவடியில் அதிகாரிகளுக்கு வேலை இல்லை. சாரதியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவனுக்கு யாரோ ஒரு நடனக்காரியோடு தொடர்பாமே என்று கேலி பேசுகிறார்கள். அறைக்குள் குளிரூட்டி இரைகிறது. வெளியே நடு வெயிலில் தாங்கி.

கனஃபானியின் கதையில் சாரதி பிணங்களைப் பார்த்துவிட்டுக் கேட்பது, ஏன் தாங்கியின் சுவரைத் தட்டவில்லை என்று. ஸாலிஹ் அந்த முடிவை மாற்றினார். படத்தில் அவர்கள் தட்டுகிறார்கள். குளிரூட்டியின் இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. அராபிய உலகத்தில் இந்த ஒரு மாற்றத்தைப் பற்றி எழுதித் தீரவில்லை. கனஃபானியோ 1972 ஜூலையில் பெய்ரூத்தில் கார்க்குண்டில் கொல்லப்பட்டார்.

மலையகத்தைப் பார்த்தும் காலங்காலமாக, ஏன் தட்டவில்லை என்ற அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். வாய் பேசாத சனம், சங்கத்துக்குச் சந்தா கட்டும், தலைவர் சொன்னதைக் கேட்கும் என்றார்கள். ஒப்பந்தத்தின்படி விண்ணப்பம் கோரியபோது, இலங்கைப் பிரஜாவுரிமைக்கு ஒதுக்கிய மூன்று லட்சம் இடத்துக்கு அதைப் போல இரு மடங்குக்கும் மேற்பட்டோர் மனுப் போட்டார்கள். தட்டியதன் சத்தம் அது. அறைக்குள் குளிரூட்டி இரைந்துகொண்டிருந்தது.

அப்படியானால் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குக் கேமரா வரவே இல்லையா? நிறையவே வந்தது. 1934இல் பஸில் ரைட்டின் புகழ்பெற்ற ஆவணப்படம் 'சோங் ஒஃப் சிலோன்' தேயிலைப் பிரசாரச் சபையின் பணத்தில் எழுந்தது. 1954இல் எலிசபெத் டெய்லர் நடித்த 'எலிஃபன்ட் வாக்' தோட்டத்துத் துரையின் பங்களாவில் நடக்கிறது. கூலிகள் கும்பலாக வருவார்கள், கொலராவில் சாவார்கள், துரைசானி அவர்களைப் பராமரிப்பாள். 1978இல் ஒப்பாரிக் கோச்சி ஓடிக்கொண்டிருந்த காலத்தில், சிவாஜி கணேசனும் மாலினி பொன்சேகாவும் நடித்த 'பைலட் பிரேம்நாத்' கூட்டுத் தயாரிப்பாக வந்தது. பச்சை மலையும் பாட்டும் குறைவில்லை. 1983இல் நடந்ததுதான் கேலியின் உச்சம். 'இந்தியானா ஜோன்ஸ்' வரிசையின் இரண்டாவது படத்தை இந்தியாவில் எடுக்க அனுமதி சரிவரவில்லை. ஸ்பீல்பேர்க் கண்டிக்கு வந்தார். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் ஓர் 'இந்தியக் கிராமம்' எழும்பியது. தோட்டத்து மனிதர்களை இந்தியர் என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்த நாடு, ஹொலிவூட்டுக்காகத் தோட்டத்தையே இந்தியாவாக்கிக் கொடுத்தது.

இந்த மாதிரிப் படங்களை என்ன செய்வது என்பதற்குக் கமால் அல்ஜஃபரி ஒரு வழி வைத்திருக்கிறார். ரம்லாவில் பிறந்த பலஸ்தீனர். யாஃபா நகரத்தில் பல பத்தாண்டுகளாக இஸ்ரேலியரும் அமெரிக்கரும் தங்கள் கதைகளைப் படம்பிடித்தார்கள். சக் நோரிஸின் 'டெல்டா ஃபோர்ஸ்' அதில் ஒன்று. அல்ஜஃபரி அந்தப் படங்களையெல்லாம் எடுத்து, முன்னால் நிற்கும் நடிகர்களைக் கணினியில் அழித்துவிட்டார். மிஞ்சியது பின்னணி: இடிந்த வீடு, பூட்டிய கதவு, தெருவில் தற்செயலாகப் போன மனிதர்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் அவருடைய மாமா. 2015இல் வந்த 'ரெகலெக்ஷன்' இப்படிப் பிறந்தது. ஒரு சொல் வசனம் எழுதாமல், அடுத்தவன் படத்திலிருந்தே தன் ஊரை மீட்டுக்கொண்டார். எலிசபெத் டெய்லரை அழித்துவிட்டு 'எலிஃபன்ட் வாக்'கை ஓடவிட்டால் யார் யார் தெரிவார்கள் என்று பார்க்க மாத்தளைப் பையன் ஒருவனுக்கு ஒரு மடிக்கணினி போதும்.

நம்மவர்கள் எடுத்ததையும் சொல்ல வேண்டும். 1963இலேயே 'தோட்டக்காரி' என்று ஒரு படம் வந்தது. தொழிற்சங்கவாதி வி.பி. கணேசன் 1975இல் 'புதிய காற்று' எடுத்தார். தோட்டத் தொழிலாளரைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்த முயற்சி. இந்த ஊர்க்காரர் மாத்தளை கார்த்திகேசுவின் 'அவள் ஒரு ஜீவநதி' 1980இல் வெளியானது. பிறகு வெகு காலம் கழித்து, 2013இல், பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியை சுமதி சிவமோகன் 'இங்கிருந்து' எடுத்தார்; மலையகத் தமிழரை இரக்கப்பட வேண்டிய கும்பலாக அல்லாமல் ஆளாகப் பார்த்த படம். அதே 2013இல் தமிழ்நாட்டில் பாலாவின் 'பரதேசி' வந்தது. வால்பாறைப் பக்கத்துக் கதையான 'ரெட் டீ' நாவலின் நிழல் அதில் உண்டு. நடந்து வந்த துயரத்தை அது காட்டுகிறது. அனுப்பப்பட்ட துயரம் அதன் எல்லைக்குள் இல்லை. அதை எழுத்தாளர்கள்தான் சுமந்தார்கள். மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் மூவரும் சேர்ந்து 1980இல் கொண்டுவந்த 'தோட்டக்காட்டினிலே' தொகுப்பைக் கையில் எடுத்தால் எந்த இயக்குநருக்கும் திரைக்கதை தேடி அலைய வேண்டியதில்லை.

எடுத்த படங்களும் தங்கவில்லை என்பது இன்னொரு சோகம். முஸ்தஃபா அபூ அலி, ஹானி ஜௌஹரிய்யா போன்றவர்கள் பலஸ்தீன இயக்கத்துக்குள்ளேயே ஒரு திரைப்படப் பிரிவை வளர்த்தார்கள். ஜௌஹரிய்யா 1976இல் லெபனான் போரில் படம்பிடித்துக்கொண்டிருக்கும்போதே இறந்தார். அவர்கள் சேர்த்த படச்சுருள்கள் 1982 பெய்ரூத் முற்றுகையோடு காணாமல் போயின. அந்தச் சுருள்களைத் தேடி அலைவதையே அஸ்ஸா அல்ஹஸன் 2004இல் ஒரு படமாக எடுத்தார். பெய்ரூத் முற்றுகைக்கு அடுத்த வருடமே, 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான வன்செயலில், ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவுக்குத் தீ வைத்தார்கள். படப் பிரதிகள் சாம்பலாயின. அதே கிழமையில் மாத்தளைக் கடைத்தெருவில் தமிழர் கடைகள் எரிந்தன, முத்துமாரியம்மன் கோயிலும் எரிந்தது. மாசி மகத்துக்கு ஐந்து தேர் இழுக்கிற கோயில்.

ஜோர்தான் இயக்குநர் டரீன் சல்லாமின் 'ஃபர்ஹா' (2021) படத்தில் பதினாலு வயதுப் பெண்ணைத் தகப்பன் சாமான் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார். படத்தின் பெரும்பகுதி அந்த அறைதான். பருப்பு மூட்டை, ஊறுகாய்ச் சாடி, கதவின் வெடிப்பு வழியே விழும் வெளிச்சக் கோடு. முற்றத்தில் ஒரு குடும்பம் கொல்லப்படுவதை அந்த வெடிப்பின் அகலத்துக்குத்தான் அவளால் பார்க்க முடிகிறது, நமக்கும் அவ்வளவுதான். இங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்களில் சிலர், 83இல் பக்கத்துச் சிங்கள வீட்டிலோ முஸ்லிம் வீட்டிலோ நெல்லு மூட்டைக்குப் பின்னால் இருந்தவர்கள். அவர்களுக்கு அந்தப் படத்தை விளக்கத் தேவையில்லை.

அப்படித் தப்பியவர்களில் ஒரு பகுதி வடக்கே போனது. 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலுக்குப் பிறகே காந்தியம் அமைப்பின் டேவிட் ஐயாவும் டாக்டர் இராஜசுந்தரமும் மலையகக் குடும்பங்களை வவுனியாப் பக்கம் குடியேற்றத் தொடங்கியிருந்தார்கள். இராஜசுந்தரத்தை 1983 ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறைக்குள் கொன்றார்கள். குடியேறியவர்களும் நிம்மதியாக இருக்கவில்லை. 84இல் டொலர் பாம், கென்ட் பாம் பண்ணைகளிலிருந்து கிளப்பப்பட்டார்கள். வன்னிக்குப் போன மலையகத்தாரை அங்கிருந்த தமிழர் எந்தக் கண்ணால் பார்த்தார்கள் என்பதைப் புதியவனின் 'மண்' படம் கூச்சமில்லாமல் காட்டியது. யாழ்ப்பாணத்துக்காரருக்குப் பிடிக்காத படம் என்றால் நல்ல அறிகுறிதான்.

சாவியைப் பற்றிப் பேசுகிற தமிழ் மேடை 1990 ஒக்டோபரைத் தாண்டிக் குதிக்க முடியாது. வடக்கிலிருந்து 75,000 முஸ்லிம்கள் அளவில் விடுதலைப் புலிகளால் இரண்டு கிழமைக்குள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். புத்தளம் முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. பலஸ்தீனத்துக்காகத் தமிழர் கண்ணீர் விடும்போது மாத்தளை முஸ்லிம் ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது.

கடல் தாண்டியவர்கள் கதைக்கு வருவோம். ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் முடிவதற்குள், 1964 டிசம்பர் 22 இரவு, புயல் தனுஷ்கோடியைத் துடைத்துவிட்டது. ஆகவே தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பல் ஏறியவர்கள் இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இலங்கைக்குக் கூலியாகப் போகிறவர்களை மறித்து வைத்து நோய் பார்த்த அதே முகாம்தான். தாத்தா போகும்போது தங்கிய கொட்டகை பேரன் வரும்போதும் நின்றது. 1984இல் கப்பல் நிற்கும்வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் போய்ச் சேர்ந்தார்கள். தமிழ்நாடு அரசு 1968இலிருந்து நீலகிரியில் இவர்களுக்காகவே தேயிலைத் தோட்டம் போட்டது. அதுதான் பின்னால் டான்டீ ஆனது. மாத்தளையில் கொழுந்து பறித்த கை கூடலூரிலும் கோத்தகிரியிலும் கொழுந்து பறித்தது. மட்டத்துக் கத்தி, படங்கு, தலையில் மாட்டிய கயிறு எல்லாம் அதே. மாறியது பேர் ஒன்றுதான். இங்கே 'இந்தியாக்காரன்', அங்கே 'சிலோன்காரன்'.

மஹ்தி ஃப்ளைஃபல் 2012இல் எடுத்த 'எ வேர்ல்ட் நொட் அவர்ஸ்' படத்தின் ஒரு பகுதி, அவருடைய தகப்பன் வீடியோ கேமராவில் எடுத்துக் குவித்த வீட்டுப் படங்கள். லெபனானின் ஐன் அல்ஹில்வே முகாம், உலகக் கோப்பைக் காலத்தில் தெருவெல்லாம் பிரேசில் கொடி, இத்தாலிக் கொடி. அந்தக் கோப்பையில் சொந்தக் கொடிக்கு அணி இல்லாதவர்களின் ஆரவாரம். பெரிய சினிமாவுக்காக அந்தத் தகப்பன் எதுவும் எடுக்கவில்லை. கூடலூர் வீடுகளிலும் கல்யாண வீடியோ கசெட்டுகள் பூசணம் பிடித்துக் கிடக்கும். இங்கே நின்றுபோன தங்கச்சிக்கு அனுப்ப எடுத்த படங்களும் இருக்கும்.

2023இல், மலையகத்தார் வந்து இருநூறு வருடம் ஆனதை நினைத்து, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு கூட்டம் நடக்கத் தொடங்கியது. 16 நாள், 250 கிலோமீற்றர் அளவு. மூதாதையர் நடந்த அதே திசையில் நடந்து ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். இளையவர்கள் கையில் போன் இருந்தது. தம்புள்ளை வெயில், பாதையோரத்துத் தண்ணீர்ப் பந்தல், கொப்புளம் உடைந்த கால், சாப்பாடு கொண்டுவந்த சிங்களக் கிராமத்துப் பெண்கள், எல்லாவற்றையும் எடுத்தார்கள். அந்தத் துண்டுகள் நூறு போனில் நூறு இடத்தில் கிடக்கின்றன. பாதிப் பேர் அதற்குள் போனை மாற்றியிருப்பார்கள்.